முத்துலிங்கம் கங்காணியின் காட்டுப் பெரட்டு

உலகத்தில் விலங்குகளைப் பார்த்தவர்கள் பலர். படம் பிடித்தவர்கள் பலர். சுட்டுத் தின்றவர்கள் அதைவிடப் பலர். ஆனால் அவற்றைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்தது எது வராதது எது என்று குறித்து, பிந்தி வந்ததைத் திருப்பி அனுப்பிய ஒரே மனிதர், ஹேவாஹெட்டவுக்கு மேலே மூணுகல் தோட்டத்தில் கீழ் டிவிசன் கங்காணியாக இருந்த முத்துலிங்கம்தான். இந்தப் பெருமை கண்டி மாவட்டத்துக்கே உரியது. வேறு எந்த மாவட்டமும் பங்கு கேட்டு இதுவரை வரவில்லை.

அவருடைய சாதனையைச் சொல்லும் முன் தோட்ட நிர்வாகத்தின் பொறுமையைச் சொல்லியாக வேண்டும். கீழ் டிவிசனை அது ஒன்பது வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். ஒரு செடிக்குக் கிளை வெட்டும் கவ்வாத்து இல்லை. ஒரு பிடி உரம் இல்லை. உடைந்த மதகுக்கு ஒரு சட்டி சீமெந்து இல்லை. இடுப்பளவில் நின்ற தேயிலை மரமாகி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு மேலே போயிற்று. அதற்குள் கருங்குரங்கு வந்தது, மலை அணில் வந்தது, காட்டுப்பன்றி குடும்பத்தோடு வந்தது. பத்தாவது வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இது கைவிட்ட தோட்டம் இல்லை; இது 'இயற்கை மீளெழுச்சி வலயம்'" என்றார். அன்றோடு கீழ் டிவிசனைக் கைவிட்டார்கள் என்ற பேச்சு நின்றது. 'பாதுகாத்தார்கள்' என்ற பேச்சு தொடங்கியது.

பழைய துரை பங்களா 'காட்டு நிழல்' விடுதியானது. வெளிநாட்டார் காலையில் கண்டியில் மாளிகையைப் பார்த்து, மத்தியானம் குளக்கரையில் நடந்து, பின்னேரம் வான் வண்டியில் ஏறி மேலே வந்து, மறுநாள் விடிய விலங்கு பார்க்கத் தொடங்கினார்கள்.

அதே மாதம் முத்துலிங்கத்துக்கு அறுபது வயது முடிந்தது. அதைக் கொண்டாடும் விதமாக நிர்வாகம் ஒரு கடிதம் அனுப்பியது. லய வரிசையில் ஓர் அறை வீடான காம்பராவில் குடியிருக்க வேண்டுமானால், அந்த வீட்டில் ஓர் ஆளின் பேராவது செக்ரோலில், அதாவது தினமும் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் பெரிய கொப்பியில், இருக்க வேண்டும். அது மூணுகல் தோட்டத்துச் சட்டம். முத்துலிங்கத்தின் மனைவி தெய்வானை முழங்கால் வலியால் நாலு வருடம் முன்பே கூடையை இறக்கி வைத்துவிட்டாள். மகள் நிரோஷா கண்டியில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். கிழமை நாளில் மஹய்யாவையில் மாமா வீட்டில் தங்கல். ஆகவே நாலாம் லயம், மூன்றாம் காம்பராவிலிருந்து கொப்பியில் இப்போது ஒரு பேரும் இல்லை. மூன்று மாதத்துக்குள் காம்பராவைச் 'சுத்தமான நிலையில்' ஒப்படைக்கும்படி கடிதம் பணிவோடு கேட்டுக்கொண்டது.

"சுத்தமாக்கித் தரணுமாம்," என்றார் முத்துலிங்கம்.

"நான் வாக்கப்பட்டு வந்த அன்னிக்கே ஒழுகுன கூர. அத யாரு சுத்தமாக்குறது?" என்றாள் தெய்வானை. "எங்க போகச் சொல்றாங்க?"

"அது கடிதத்துல இல்ல."

"மஹய்யாவைக்குப் போகலாமா?"

"ஒன் தம்பி வீட்டுல ஏற்கனவே ஏழு பேரு. நம்மளும் போனா சுவத்துல ஆணி அடிச்சித்தான் தொங்கணும்."

இந்த நேரத்தில்தான் விடுதியின் 'அனுபவ முகாமையாளர்' ஷப்ராஸ் லயத்துப் பக்கம் வந்தார். கட்டுகஸ்தோட்டைப் பையன், முப்பது வயது, முழங்கால் வரை சப்பாத்து. அனுபவ முகாமையாளர் என்றால் அனுபவம் உள்ளவர் என்று பொருள் இல்லை. வருகிறவர்களுக்கு அனுபவம் உண்டாக்குகிறவர்.

"கங்காணி ஐயா, இந்தக் காட்டுல என்னென்ன ஈக்குதுண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்னா சேர். எல்லாம் நமக்குப் பெறகு குடிவந்ததுங்கதான."

"ஒவ்வொரு நாளும் விடிய அதுகளப் பாத்து எழுதி வெக்க ஒரு ஆள் வேணும். வேலைக்குப் பேரு 'வனவிலங்கு வருகைப் பதிவாளர்'. மூணு மாசத்துல பசுமை முத்திரை குடுக்குற சபையிலேந்து ஆள் வருவாங்க. நாப்பது வகையாவது இங்கேயே தங்குதுண்டு காட்டினா முத்திரை கெடக்கும். முத்திரை கெடச்சா வேல நிரந்தரம். கெடக்கல்லண்டா விடுதியே இல்ல."

"செக்ரோல்ல பேரு விழுமா?"

"விழும்."

"அப்ப நாளைக்கே வாரேன்."

"வேற ஒண்டும் கேக்கல்லியே நீங்க."

"வேற என்னா சேர் இருக்கு கேக்க?"

மறுநாள் விடிய, நாலாம் லயத்துக்குப் பின்னால், பச்சை உடுப்பும் பைனாகுலருமாக ஆறு வெளிநாட்டார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருமக்கூடக் கூடாது என்று ஷப்ராஸ் எச்சரித்திருந்தார். முத்துலிங்கம் காக்கிக் கோட்டும் கம்பளித் தொப்பியும் காதில் பென்சிலுமாக வந்தார். கையில் பெரிய கொப்பி. வந்தவர் நேரே போய், பலா மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் பதினைந்து தடவை அடித்தார். அரை மைல் சுற்றளவில் இருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்த செஞ்சீங்க, கங்காணி ஐயா?" என்றார் ஷப்ராஸ், கிசுகிசுப்பாக.

"பெரட்டு மணி சேர். மணி அடிக்காம எவன் வருவான்?"

பெரட்டு என்பது விடிந்ததும் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. முப்பத்திரண்டு வருடம் முத்துலிங்கம் அதைத்தான் செய்தார். மணி அடித்தால் வருவார்கள். வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். பாதியில் போனால் அரைப் பேர். ஆறரை தாண்டி வந்தால் வீட்டுக்கு. இதைவிட நல்ல முறை ஒன்றை அவருக்கு யாரும் காட்டியதில்லை. மனிதருக்கு நல்ல முறை அணிலுக்குக் கெடுதலாகுமா?

அவர் கொப்பியை விரித்தார்.

"மலை அணில்."

பலா மரத்தின் மேல்கிளையில் செம்பழுப்பு வால் ஒன்று அசைந்தது. மணிச் சத்தத்துக்கு ஒன்பது வருடமாகப் பழகிய அணில்.

"வந்திருக்கு. ஒரு பேரு. கருங்குரங்கு."

ஆறு குரங்குகள் கூரைமேல் தடதடவென்று ஓடின.

"குடும்பத்துக்கு ஒரு பேருதான். காட்டுக்கோழி. சரி, வந்திருக்கு. அட்டை."

பின்னால் நின்ற ஒருவர் காலுறையைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

"வந்திருக்கு," என்று முத்துலிங்கம் குறித்துக்கொண்டார். மூணுகல் தோட்டத்தில் ஒரு நாளும் லீவு போடாத, சுகமில்லை என்று சொல்லாத, தொழிற்சங்கத்தில் சேராத ஒரே உயிர் அட்டை. நிர்வாகம் அதன்மேல் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

ஆறு நாற்பதுக்கு இருவாட்சி ஒன்று பெரிய மூக்கோடு வந்து கித்துள் மரத்தில் உட்கார்ந்தது. ஆறு பைனாகுலரும் மேலே போயின. முத்துலிங்கம் கையை நீட்டி மறித்தார்.

"பாக்காதீங்க. பிந்தி வந்திருக்கு. பேரு கெடையாது."

"என்ன சொல்கிறார்?" என்று அவர்கள் ஷப்ராசிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். விடுதிக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தாலும் ஷப்ராசுக்கு அனுபவம் வந்துவிட்டது. "அந்தப் பறவைக்கு இப்போது தனிமை வேண்டும் என்று அதன் சிறகிலிருந்து தெரிந்துகொண்டார்," என்று சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நிரோஷா, யாரோ ஒரு பயணி எழுதியிருந்ததைப் போனில் பார்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்: "'விலங்குகளைப் பெயர் சொல்லி அழைக்கும் மூதாதையர் கலையின் கடைசி வாரிசு. மலைநாட்டு ஞானி.'"

"அந்த ஞானிய வெங்காயம் உரிக்கச் சொல்லு," என்றாள் தெய்வானை.

அதற்குப் பிறகு கண்டியிலிருந்து தினமும் இரண்டு வான் வந்தது. பெரட்டு மணி அடிக்கும்போது சிலர் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

ஆனால் முத்துலிங்கத்தின் உண்மையான மேன்மை கூப்பிடுவதில் இல்லை, எழுதுவதில் இருந்தது. இரண்டாம் மாதம் ஒரு நாள் தெய்வானை கொப்பியை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த எறும்புதின்னி அழுங்க எப்ப பாத்தீங்க?"

"பாக்கல."

"தெனம் ஒரு பேரு போட்டிருக்கீங்களே."

"போன வருசம் மண்ணத் தோண்டிப் போட்டிருந்துச்சு. பிள்ளகுட்டிக்காரியா இருக்கும். ஒரு நாள் வரலன்னு பேர வெட்டுனா, அது குடும்பத்தோட எங்க போவும்?"

"மரைய?"

"அதுக்குக் காலுல காயம். நான் கேள்விப்பட்டேன்."

"மரநாய்?"

"அது ராத்திரி வேல. காலைல கூப்புட்டா எப்படி வரும்?"

இதைப் பொய் என்று சொல்பவர்களுக்குப் பெரட்டு தெரியாது. முப்பத்திரண்டு வருடத்தில் முத்துலிங்கம் பிந்தி வந்தவரை அதட்டித் திருப்பியதுண்டு; வர முடியாதவர் பேரை வெட்டியதில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்குப் பேர் போட்டார். நிறைமாதக்காரிக்குப் போட்டார். கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை கிடந்த இராமையாவுக்கு, அவன் காலைத் தூக்கிக் கட்டியிருந்த நாளெல்லாம், மலையில் புல்லு வெட்டியதாகவே போட்டார். கொப்பியில் ஒரு பேர் போனால் லயத்தில் ஒரு வீடு போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் பென்சில் பேர் போடும் பக்கத்துக்குத்தான் ஓடும். அந்தக் கருணைதான் இப்போது அழுங்குக்கும் மரைக்கும் மரநாய்க்கும் கிடைத்தது. மலையில் புலி என்று சொல்லப்படும் சிறுத்தைக்கும் தினம் ஒரு பேர் விழுந்தது. மற்றவற்றுக்கு இரக்கத்தில் போட்டார், புலிக்குப் பயத்தில்.

இன்னொரு கட்டம் இருந்தது: 'வாழிடம்'. ஆளுக்கு விலாசம் எழுத அவருக்கு ஒரே முறைதான் தெரியும்: எத்தனையாம் லயம், எத்தனையாம் காம்பரா. காட்டில் காம்பரா இல்லாததால், எல்லாவற்றுக்கும் 'நாலாம் லயம், பின்பக்கம்' என்று எழுதினார். தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் உட்காரும் இடமும் அதுதான்.

மூன்றாம் மாதம் ஷப்ராஸ் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். முன்திண்ணை இஸ்தோப்பில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து அதை விரித்தார்.

"கங்காணி ஐயா, நாப்பத்தாறு வகை. கொழும்புல கைதட்டினாங்களாம். அடுத்த கெழம சபையிலேந்து ஆள் வருது. முத்திரை கையில கெடச்ச மாதிரித்தான்."

"சந்தோசம் சேர். இது என்னா செவப்பு வட்டம்?"

"அது மையப் பாதுகாப்பு வலயம். எல்லா உயிரினமும் படுத்து எழும்புற எடம். ஒங்கட கொப்பியப் பாத்துத்தான் போட்டாங்க."

"வட்டத்துக்கு நடுவுல நீட்டா ஒரு கோடு தெரியுதே."

ஷப்ராஸ் குனிந்து பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நாலாம் லயம்."

உள்ளே அடுப்பில் ரொட்டி கருகும் வாசம் வந்தது.

"அந்த வட்டத்துக்குள்ள மனுசர் ஈக்க ஏலாது," என்றார் ஷப்ராஸ், வரைபடத்தைப் பார்த்தபடியே. "விலங்குகளுக்குத் தொந்தரவாம். முத்திரை கெடச்சா லயத்த காலியாக்கணும். ஆறு வீட்டையும். 'மாற்று ஏற்பாடு பரிசீலிக்கப்படும்'ண்டு போட்டீக்குது."

"எந்த விலங்குக்கு சேர் தொந்தரவு?"

"நீங்கதானே எழுதினீங்க. புலி, அழுங்கு, மரை, எல்லாம் ஒங்கட வீட்டுக்குப் பின்னால படுக்குதுண்டு."

"அதுங்க வந்ததே இல்ல சேர்."

முப்பத்திரண்டு வருடத்தில் முத்துலிங்கம் வாய்விட்டுச் சொன்ன முதல் 'வரவில்லை' அது. ஷப்ராஸ் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத வெளிய செல்லாதீங்க. வகை கொறஞ்சா முத்திரை இல்ல. முத்திரை இல்லண்டா விடுதி இல்ல. விடுதி இல்லண்டா ஒங்கட பேரு செக்ரோல்ல இல்ல."

"பேரு இல்லாட்டி?"

"வீடு இல்ல."

"முத்திரை கெடச்சா?"

"வீடு வட்டத்துக்குள்ள."

தெய்வானை கருகிய ரொட்டியோடு வாசலில் வந்து நின்றாள். "ரெண்டு வழி இருக்கு. ரெண்டுலயும் நம்ம வீட்ட காணோம்."

அன்று முத்துலிங்கம் சாப்பிடவில்லை. தன் வீடு போவது ஒரு பக்கம். மற்ற ஐந்து வீட்டிலும் ஆள் மேல் டிவிசனுக்கு வேலைக்குப் போகிறது, பேர் விழுகிறது, சட்டப்படி எல்லாம் சரி. அவர்களையும் சேர்த்துக் கிளப்பப் போவது அவருடைய பென்சில். ஒரு பேரைக்கூட வெட்டாத கங்காணி, இரக்கப்பட்டு எழுதியே ஆறு வீட்டை வெட்டியிருந்தார்.

"இந்தக் கொப்பில முன்பக்கம் என்னமோ அச்சடிச்சிருக்கே. என்னாது?" என்றாள் தெய்வானை, விளக்குக்கு அருகில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு.

"விதிமுறை."

"என்னா போட்டிருக்கு?"

"அத யாரு படிப்பா?"

தெய்வானை மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். ஒருதரம் படித்தாள். விரலை வைத்து மறுபடி படித்தாள். மூன்றாம் தரம் சிரித்தாள்.

"சாப்புடுங்க," என்றாள். "அந்தச் சபைக்காரங்க வரட்டும்."

சபையிலிருந்து வந்தவர் லோஜினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விலங்கியல் படித்தவர். முழங்கால் வரை அட்டைக் காலுறை, கழுத்தில் பைனாகுலர், கையில் நீளமான போர்ம். ஷப்ராஸ் குடை பிடித்து வந்தார், மழை இல்லை.

"ஐயா, நீங்கள் எப்பிடி எடுக்கிறியளோ அப்பிடியே எடுங்கோ," என்றார் லோஜினி. "வந்திருக்கிறதை நான் பாக்கவேணும். இல்லையெண்டால் அதின்ரை தடத்தையாவது பாக்கவேணும்."

மணி அடித்தது. மலை அணில் வந்தது. கருங்குரங்கு வந்தது. காட்டுக்கோழி, கொண்டைக்குருவி, இருவாட்சி எல்லாம் அன்று நேரத்துக்கே வந்தன. லோஜினி ஒவ்வொன்றாகக் குறித்தார். காட்டுப்பன்றிக்குத் தடம் கிடைத்தது. முள்ளம்பன்றிக்கு ஒரு முள் கிடைத்தது. அட்டைக்கு அவரே சாட்சி.

"அழுங்கு," என்று கூப்பிட்டார் முத்துலிங்கம்.

காடு பேசாமல் நின்றது.

"எங்கை ஐயா?"

முத்துலிங்கம் பென்சிலைப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். நிரோஷாவின் வயதுதான் இருக்கும்.

"வரல மிஸ். என்னைக்கும் வரல."

ஷப்ராஸ் குடையை மடக்கினார்.

முத்துலிங்கம் கோடு போட்டார். பிறகு மரை, மரநாய், புலி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்டினார். கடைசியில் லோஜினி கூட்டிப் பார்த்தார். ஏழு பேர் வெட்டியாயிற்று.

"முப்பத்தொன்பது," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "நாப்பது வேணும். ஒண்டு காணாது."

"ஒண்ண விட்டுட்டீங்க மிஸ்," என்றாள் தெய்வானை.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் கோப்பைகள்.

"எதை அம்மா?"

"மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க. அப்பறம் அந்தக் கொப்பி முன்பக்கத்துல இருக்கறத வாசிங்க. மூணாவது வரி."

லோஜினி வாசித்தார்: "'வதியும் உயிரினம் எனப்படுவது, வலயத்தினுள் தொடர்ச்சியாக உறங்கி, அங்கேயே குட்டி ஈன்று அல்லது முட்டையிட்டு, அவற்றை வளர்த்து, எல்லாப் பருவங்களிலும் காணப்படும் எதுவும் ஆகும்.'"

"ஒறங்குறோம். நாலு தலமொறையா ஈன்டு வளத்திருக்கோம். எல்லாப் பருவத்துலயும் இங்கதான் கெடக்கோம். முட்டதான் போடல."

"அம்மா, இது மிருகங்களுக்கு எழுதினது."

"மனுசன் கெடையாதுன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

லோஜினி பக்கத்தைப் புரட்டினார். பின்பக்கம் பார்த்தார். அடிக்குறிப்புப் பார்த்தார்.

"போடேல்லை," என்றார்.

"போட்டிருக்க மாட்டாங்க மிஸ். நம்மள நெனச்சிருந்தாத்தான போடுவாங்க."

ஷப்ராஸ் நாற்பது என்ற எண்ணை அப்போதுதான் மனதுக்குள் கூட்டி முடித்தார். உடனே குடையை விரித்தார். "மிஸ், நேரடியாப் பாத்தா போதும்தானே? அந்தா, தண்ணிப் பீலிக்கிட்ட. வளந்தது நாலு, குட்டி ரெண்டு. பல்லு தேச்சிக்கிட்டு நிக்குது. இதுவரைக்கும் வந்த கெஸ்ட் எல்லாம் அணில விட இதுகளத்தான் கூடப் படம் எடுத்தீக்கிறாங்க. நான் ஆல்பம் காட்டுறேன்."

லோஜினி சிரித்தார். பிறகு பீலிக்கரையைப் பார்த்தார். நீர் நூல்போல விழுந்துகொண்டிருந்தது. ஆறு பேர் அதற்கு வரிசையில் நின்றார்கள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனையை எடுத்தார்.

"எண்ணிக்கை?"

"இருவத்தேழு," என்றார் முத்துலிங்கம். "இல்ல, போன கெழம ஆறாம் காம்பராவுல ஒண்ணு பொறந்துச்சு. இருவத்தெட்டு."

"இனப்பெருக்கம் உறுதி," என்றார் ஷப்ராஸ்.

"உணவு?"

"ரொட்டி, கட்ட சம்பல், வெறுந் தேத்தண்ணி."

"நடமாட்டம்?"

"எளசுங்க விடியக் கண்டிக்கு எர தேடப் போயிட்டு, பொழுதுபட இல்லாட்டி ஞாயித்துக்கெழம திரும்பும். பெருசுங்க எங்கயும் போகாது."

லோஜினியின் பேனை அடுத்த கட்டத்தில் நின்றது.

"இது கொஞ்சம் கரைச்சல். மூண்டு பெட்டி இருக்கு. இந்த மண்ணுக்கே உரியது. வலசை வாறது. வெளியிலையிருந்து கொண்டுவரப்பட்டது. எதிலை போடுறது?"

"என் அப்பா பொறந்தது இந்தக் காம்பராவுல," என்றார் முத்துலிங்கம். "அவரோட தாத்தாவக் கொண்டாந்தாங்க."

"கொண்டுவரப்பட்டது எண்டு போட்டால், கீழை ஒரு குறிப்பு இருக்கு. 'படிப்படியாக அகற்றப்படும்' எண்டு."

"தேயிலைய எதுல மிஸ் போட்டிருக்கீங்க?" என்றாள் தெய்வானை.

லோஜினி தாவரப் பட்டியலைப் புரட்டினார். நேரம் எடுத்தது.

"தேயிலை 'பாரம்பரியம்' எண்டு போட்டிருக்கு."

"அதக் கொண்டாந்து நட்டவங்கதான் நம்மளயும் கொண்டாந்தாங்க. அது பாரம்பரியம். நாங்க படிப்படியா."

லோஜினி போர்மைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஓரத்தில், அச்சு மங்கி, இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது.

"'வகை தீர்மானிக்கப்படவில்லை' எண்டு ஒண்டு இருக்கு. இதிலை போடவோ, ஐயா?"

"போடுங்க மிஸ்," என்றார் முத்துலிங்கம். "அது நமக்குப் பழக்கமான பெட்டிதான். எந்த நாட்டுப் பிரஜைன்னு தெரியாம என் அப்பா சாகுற வரைக்கும் அதுக்குள்ளதான் இருந்தாரு."

நாற்பதாவது உயிரினத்துக்கு எதிரே ஒரு சரி அடையாளம் விழுந்தது.

போகும்போது லோஜினி தெய்வானையிடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். "சபை என்ன சொல்லுமோ தெரியாது, அம்மா. ஆனால் வேண்டாம் எண்டு எழுத அந்தப் போர்மிலை இடமில்லை. நான் பாத்திட்டன்."

சபை கூடியது. நீண்ட ஆலோசனை செய்தது. தேநீர் இடைவேளைக்குப் பின் மறுபடி ஆலோசனை செய்தது. ஒன்றரை மாதம் கழித்து ஷப்ராஸ் ஓடி வந்தார். கையில் முத்திரையும் கடிதமும். நாலாம் லயத்து ஆறு வீட்டு ஆளும் மூன்றாம் காம்பராவின் முன்னால் கூடிவிட்டது. முத்துலிங்கம் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வாசிக்கிறேன், கேளுங்க," என்றார் ஷப்ராஸ். "'நாற்பதாவது உயிரினத்தின் வாழிடம் மையப் பாதுகாப்பு வலயத்துள் அமைந்திருப்பதால், அதனை அங்கிருந்து அகற்றுவதோ, விரட்டுவதோ, அச்சுறுத்துவதோ முற்றாகத் தடைசெய்யப்படுகிறது.'"

தெய்வானை வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். ஆறாம் காம்பராக்காரி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். முத்துலிங்கம் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். சுதந்திரத்துக்குப் பிறகும் முன்பும் அந்த லயத்துக்கு வந்த கடிதங்களிலேயே, இருக்கிற இடத்தில் இருக்கலாம் என்று சொன்ன முதல் கடிதம் அது.

"இன்னும் கொஞ்சம் ஈக்குது," என்றார் ஷப்ராஸ். "நிபந்தனைகள்."

"வாசிங்க சேர்."

"'வாழிடத்தின் கூரை, சுவர், தரை ஆகியவற்றில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது. புதிய பாதை அமைக்கலாகாது. நீர் இயற்கையாக வரும் அளவிலேயே விடப்பட வேண்டும். செயற்கை வெளிச்சம் தவிர்க்கப்பட வேண்டும். உணவு கொடுத்துப் பழக்கலாகாது. நோயுற்றால் தலையிடாது இயற்கையின் போக்கில் விட வேண்டும். நாளாந்தம் எண்ணிக்கை மட்டும் தவறாது எடுக்கப்பட வேண்டும்.'"

வாசித்து முடித்துவிட்டு ஷப்ராஸ் கவலையோடு கடிதத்தை மடித்தார். "இது கொஞ்சம் கடுமையா ஈக்குதே, கங்காணி ஐயா. நிர்வாகத்தால இத்தனையும் கடைப்பிடிக்க ஏலுமா? எழுதிக் கேட்டீக்குறேன்."

தெய்வானை எழும்பி உள்ளே போய், ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

நிர்வாகம் சபைக்கு எழுதிய பதில் அன்றைக்கே வந்தது. நாலாம் லயம் அனுப்பிய எந்தக் கடிதத்துக்கும் அவ்வளவு விரைவாகப் பதில் வந்ததில்லை. இப்போது அது 'காட்டு நிழல்' விடுதியின் வரவேற்பு மண்டபத்தில், பசுமை முத்திரைக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்:

"மேற்படி உயிரினம் தொடர்பாகத் தாங்கள் விதித்துள்ள நிபந்தனைகள் யாவற்றையும், தோட்டம் திறக்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை, எவரும் கேளாமலேயே, ஒரு நாளும் தவறாது கடைப்பிடித்து வருகிறோம் என்பதைப் பெருமையுடன் அறியத் தருகிறோம்."